வளன் என்றாலும் யூசுப் என்றாலும்

பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக் கடைத்தெருவில் நின்று ‘யூசுப்’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அங்கிருந்து தெற்கே வந்து, அரியலூரைத் தாண்டி, கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சிக்குப் போனால் அதே பெயர் சூசை ஆகிவிடுகிறது. சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் அவர் யோசேப்பு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஜோசப். திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் தூய வளனார் கல்லூரியைப் பார்த்திருப்பார்கள்; 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. அந்த வளனாரும் இவரேதான்.

ஐந்து பெயருக்கும் ஊற்று ஒன்று: எபிரேய மொழியின் ‘யோசேஃப்’. ஹீப்ரு என்று சொன்னால் இன்னும் பலருக்குத் தெரியும். யூதர்களின் மொழி, தூரதேசத்து மொழி, நமக்கும் அதற்கும் என்ன என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் இந்த ஒரு பெயரின் பின்னால் போனாலே செப்பேடு, காப்பியம், கப்பல் வணிகம் என்று நம் வீட்டுச் சங்கதிகளாக வந்து விழுகின்றன. பல்கலைக்கழகங்களில் எபிரேயமும் யூத வரலாறும் படிக்கிறவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் பெயருக்குள்ளே போவோம்.

எபிரேயத்துக்கு எழுத்து 22. எல்லாம் மெய்யெழுத்து, வலமிருந்து இடமாக எழுதுவார்கள். யோசேஃப் என்ற பெயரை யோத், வாவ், சாமெக், பே என்ற நான்கு எழுத்தால் எழுதுகிறார்கள். இதில் ‘வாவ்’ இங்கே உயிரொலிக்கு வந்த துணை. மிச்சம் நிற்கும் ய்-ஸ்-ப் என்ற மூன்று மெய்களும்தான் வேர். ‘கூட்டு, மேலும் சேர்’ என்பது அந்த வேரின் பொருள். பிள்ளையில்லாமல் நெடுநாள் தவித்த ராகேல் கடைசியில் ஒரு மகனைப் பெற்று, இன்னொன்றும் கடவுள் கூட்டித் தரட்டும் என்ற ஆசையில் யோசேஃப் என்று பெயர் வைத்ததாக விவிலியத்தின் முதல் நூல் சொல்கிறது.

எபிரேய இலக்கணம் முழுவதும் இந்த மூன்று மெய் வேர்களின்மேல் கட்டிய கட்டடம். நடுவே உயிர்களை மாற்றி, முன்னும் பின்னும் அசைகளை ஒட்டினால் சொற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். க்-த்-வ் என்றால் எழுதுதல். கதவ் என்றால் அவன் எழுதினான்; மிக்தவ் என்றால் கடிதம்; க்தோவெத் என்றால் முகவரி; திருமணத்தன்று மணமகன் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் கெதுபா. அரபி இதற்குச் சகோதர மொழி. அங்கே இதே வேர் க்-த்-ப். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் கிதாபு அதிலிருந்து வந்தது. பள்ளிவாசலில் பிள்ளைகள் ஓதப் போகும் மக்தபும் அதுவே. ஆக, எபிரேய வகுப்பின் முதல் வாரப் பாடத்தில் பாதியை லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொண்டே வந்துவிடுவார்கள்.

ய்-ஸ்-ப் வேருக்கு வருவோம். இன்றைக்கு இஸ்ரேலில் ஓர் உணவகத்துக்குப் போனால் உணவுப் பட்டியலில் ‘தோசஃபோத்’ என்று ஒரு பகுதி இருக்கும். தொட்டுக்கொள்ளக் கூடுதலாக வரும் பதார்த்தங்கள், கிட்டத்தட்ட நம்முடைய கூட்டு, பொரியல். இதே ‘தோசஃபோத்’ பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ஓர் உரைத்தொகுதிக்கும் பெயர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயர்கள் இப்படிப் பொருளோடு நடமாடுவது எபிரேயத்தின் இயல்பு. பெயரே முழு வாக்கியமாகவும் இருக்கும். மிக்கேல் என்பது ஒரு கேள்வி: ‘கடவுளுக்கு நிகர் யார்?’ தானியேல் என்றால் கடவுளே என் நீதிபதி. யோவான் என்று நாம் சொல்லும் யோஹானன், ‘கடவுள் அருள் கூர்ந்தார்’. அருளைக் குறிக்கும் அந்த ஹ்-ன்-ன் வேர் ஹன்னா என்ற பெண்பெயரிலும் உண்டு; அது நம் ஊர்களில் அன்னாள், அன்னம்மாள். எபிரேயத்துக்கு மிக நெருங்கிய பினீசிய மொழிக்காரர்கள் கார்த்தேஜில் குடியேறியிருந்தார்கள். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமாபுரியை நடுங்க வைத்த ஹன்னிபாலின் பெயருக்கு ‘பால் தெய்வத்தின் அருள்’ என்று பொருள். அன்னம்மாளும் ஹன்னிபாலும் பெயரளவில் உறவுக்காரர்கள்.

இப்போது ஏலாக்குறிச்சி.

இத்தாலியில் மாந்துவா பக்கத்துக் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் இறங்கி, மறுவருடம் மதுரை மிஷனுக்கு வந்தார். வீரமாமுனிவர் என்று நாம் அறிந்தவர். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்கே குடிகொண்ட அன்னைமேல் கலம்பகம் பாடினார். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு வந்த பிளவையை முனிவர் குணமாக்கினார், அதற்கு நன்றியாக நிலம் வந்தது என்ற கதையை இன்றும் ஊரில் சொல்வார்கள்.

அவருடைய பெயரிலேயே ஜோசப் இருப்பதைக் கவனியுங்கள். தன் பெயருக்குரிய சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி அவர் பாடியது தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரதா மரியா எழுதிய நூல் அதற்குக் கதை மூலம். கட்டுமானம் முழுக்க நம் காப்பிய மரபு. சிந்தாமணியும் கம்பனும் கரைத்துக் குடித்த கை. நாட்டுப் படலத்தில் யூதேயாவைப் பாட வேண்டும். உண்மையான யூதேயா கல்லும் முள்ளும் ஒலிவ மரமும் ஆடு மேய்க்கும் மேடுமான வறண்ட பூமி. முனிவர் பாடிய யூதேயாவில் ஆறு பெருக்கெடுக்கிறது, வயல் விளைகிறது, தாமரை பூக்கிறது. கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து எழுதியவருக்கு நாடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என்னை அதிகம் ஈர்ப்பது அவர் பெயர்களைக் கையாண்ட விதம். சூசையைக் காப்பியத்தில் வளன் என்கிறார். வளம் பெருகுவது, கூடுவது: ராகேல் ஆசைப்பட்ட அதே ‘கூட்டித் தருதல்’. அந்த எபிரேய வேரைத்தான் அவர் தமிழில் நட்டிருக்கிறார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்கிறார். யோஹானனுக்குள் இருக்கும் அருளின் தமிழ் உரு அது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் கருணையன் தன் தாய் எலிசபெத்தை இழந்து புலம்பும் பாடல்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ‘கருணையன் என்பது யோவான்’ என்று குறிப்பும் படிக்கிறார்கள். ஏன் யோவான் கருணையன் ஆனார் என்ற இடத்தில் பெரும்பாலும் வகுப்பு நின்றுவிடுகிறது. விடை எபிரேயத்தில் இருக்கிறது.

முனிவருக்கு இந்தப் பொருளெல்லாம் எப்படித் தெரிந்தது? அவர் எபிரேயமும் கற்றவர் என்றே அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கற்றிராவிட்டாலும் இன்னொரு பாதை திறந்தே இருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் குடியிருந்த ஜெரோம், விவிலியத்தின் எபிரேயப் பெயர்களுக்கெல்லாம் லத்தீனில் பொருள் எழுதி ஒரு நூலாகத் தொகுத்தார். ஐரோப்பியக் குருமடங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அதைப் புரட்டின. யோசேப்பு என்பதற்கு அந்த மரபு தரும் பொருள் பெருக்கம், வளர்ச்சி. எபிரேயத்திலிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து தமிழ் என்று சுற்றி வந்தாலும் பொருள் சேதமில்லாமல் அரியலூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதே காலத்தில் தரங்கம்பாடியில் சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வேறு வழியில் போனார்கள். பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்தே தமிழாக்கத் தொடங்கினார்கள். சீகன்பால்கு ரூத் வரையில் முடித்தார். பிற்காலத்தில் சென்னை வேப்பேரியிலிருந்து பப்ரிசியுஸ் முழுப் பழைய ஏற்பாட்டையும் எபிரேயத்தோடு ஒப்பிட்டுத் தமிழாக்கினார். அவர்கள் பெயர்களின் ஒலியைக் காப்பாற்றினார்கள். ஆகவே யோசேப்பு, யோவான். முனிவர் பொருளைக் காப்பாற்றினார். ஆகவே வளன், கருணையன். இரு தரப்பும் ஒருவரையொருவர் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. கவிதைக்கு முனிவர் வழி, ஆராய்ச்சிக்கு அவர்கள் வழி என்பது என் எண்ணம்.

முனிவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் நம் எழுத்தில் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அங்கே பாதுகாக்கப்படும் செப்பேடுகளில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது ஒருவருக்குக் கொடுத்த உரிமைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வட்டெழுத்து. தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. உரிமை பெற்றவர் பெயர் ஈசுப்பு இரப்பான். யோசேஃப் ரப்பான்தான் செம்பில் இப்படி ஆகியிருக்கிறார். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை, பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. மொத்தம் 72 ‘வீடுபேறு’. இந்தச் செப்பேட்டில் அது மோட்சம் இல்லை. வரியிலிருந்தும் தடையிலிருந்தும் விடுபட்ட சலுகை. இந்த உரிமையெல்லாம் ஈசுப்புவின் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகத் தொடரும் என்றும் செப்பேடு சொல்கிறது.

இந்தச் செப்பேடு கி.பி. 379ஐச் சேர்ந்தது என்பது கொச்சி யூதர்களின் மரபு. கல்வெட்டு அறிஞர்கள் எழுத்தின் வடிவத்தையும், பாஸ்கர ரவியின் பிற கல்வெட்டுகளையும் வைத்துப் பார்த்து ஏறக்குறைய கி.பி. 1000 என்று முடிவு கட்டினார்கள். பழமை அறுநூறு ஆண்டு குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை; புதிய தேதியில்தான் கதை சூடு பிடிக்கிறது. கி.பி. 1000 என்றால் தஞ்சையில் முதலாம் இராசராசன். சேரக் கடற்கரைமேல் சோழப் படையெடுப்பு நடந்த காலம். போரில் பணமோ கப்பலோ கொடுத்து உதவியதற்குத்தான் ஈசுப்புவுக்கு இவ்வளவு சலுகை என்று வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் ஊகிக்கிறார். ஊகம் சரியென்றால், அந்த இராசராசனின் மகன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் இன்று இருக்கும் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் அன்றைக்கு ஈசுப்புவுக்கு எதிர்க்கட்சி.

இன்னும் 150 ஆண்டு முன்னே போனால் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. சிரியன் கிறித்தவர்களின் பள்ளிக்குத் தந்த கொடை. அதன் கடைசி ஏட்டில் வெளிநாட்டு வணிகர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்: சிலர் அரபியில், சிலர் பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தில். எபிரேய எழுத்துத்தான், மொழியோ பாரசீகம். வட்டெழுத்துப் படித்தவருக்குக் கடைசி ஏடு புரியாது. எபிரேயம் படித்தவருக்கு முதல் ஏடுகள் புரியாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அந்தச் செம்பு முழுசாகப் பேசும். எபிரேயத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்க வேண்டிய தேவை இதுபோன்ற ஏடுகளில்தான் எனக்கு உறைக்கிறது.

மொழி ஒன்று, எழுத்து இன்னொன்று என்பது யூத வரலாற்றில் ஆயிரம் ஆண்டாக நடந்த வழக்கம். அரபு நாட்டு யூதர்கள் அரபியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள், பாரசீகத்தில் பாரசீகம், ஸ்பெயினில் ஸ்பானியம், ஜெர்மனியில் ஜெர்மன் கிளைமொழி, அது பின்னாளில் இத்திஷ் ஆயிற்று. வியப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று ஓர் இலக்கிய வழக்கையே வளர்த்தவர்கள். வீட்டில் பேசுவது ஊர்மொழி, புனிதம் என்று கருதுவது வேத எழுத்து. இரண்டையும் விட மனமில்லை. அரபுத்தமிழ் அறிந்தவருக்கு யூத-அரபி என்ன என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

யூத-அரபியில் எழுதிய பழைய கடிதங்கள் கிடைத்த கதை தனிச் சுவை. கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் கிழிப்பதோ எரிப்பதோ இல்லை. பழசானால் ஓரிடத்தில் சேர்த்து வைத்து அடக்கம் செய்வார்கள். அந்த இடம் கெனிசா. பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிசாவில், அடக்கம் செய்யாமல் போட்டது போட்டபடியே, எட்டு ஒன்பது நூற்றாண்டுத் தாள் குவிந்து கிடந்தது. வேத ஏடு மட்டும் இல்லை. எபிரேய எழுத்தில் இருப்பதெல்லாம் புனிதம் என்று கருதியதால் கடைக்கணக்கு, விவாகரத்துப் பத்திரம், பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள், கடிதம் எல்லாம் உள்ளே போயிருந்தன. 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் பயணத்தில் வாங்கிய சில ஏடுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து அங்கிருந்த எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். ஒரு தாளைப் பார்த்ததும் அவர் துள்ளினார். பல நூற்றாண்டாக எபிரேய மூலம் கைக்கு எட்டாமல் கிரேக்க, சிரியக் மொழிபெயர்ப்புகளாக மட்டுமே வழங்கிய பென் சீராவின் நீதிநூல் அது. உடனே கெய்ரோவுக்குப் போனார், அந்தத் தூசியில் வாரக்கணக்காக மூச்சு முட்ட நின்றார், அள்ளிக்கொண்டு வந்தார். இன்று கேம்பிரிட்ஜில் இருப்பவை மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள்.

அந்தக் குவியலில் இந்தியாவோடு வணிகம் செய்த யூதர்களின் கடிதங்கள் இருந்தன. வரலாற்றாசிரியர் எஸ்.டி. கோய்த்தைன் அவற்றைத் திரட்டுவதில் பல பத்தாண்டு செலவிட்டார். அவர் தொகுப்பின் முதல் வணிகர் யார் தெரியுமா? யோசேஃப் லெப்தி. நம் பெயர்க்காரரேதான். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்திலிருந்து குஜராத் பக்கம் வந்து போனவர். இன்னொருவர் ஆபிரகாம் பென் யீஜு; 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரை ஒட்டியே வாழ்ந்து, மிளகும் பாக்கும் இரும்பும் ஏற்றுமதி செய்தார். ஏதனிலிருந்து அவருக்கு எழுதியவர்களில் ஒருவர் பெயர் யோசேஃப் பென் ஆபிரகாம். முத்திரை விழுந்த ஆவணத்தைவிட, சரக்கு கெட்டுப்போனதற்குக் கோபித்துக்கொண்டு எழுதிய இத்தகைய கடிதங்களில்தான் அந்தக் காலத்து மனிதர்கள் உயிரோடு வருகிறார்கள்.

ஷெக்டர் கெய்ரோவில் தூசி தின்றுகொண்டிருந்த அதே பத்தாண்டில் இங்கே ஒருவர் ஏட்டுச்சுவடிகளோடு போராடிக்கொண்டிருந்தார். உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. சிறுவனாக அவர் தமிழ் கற்கத் தொடங்கியது அரியலூரில், சடகோபையங்காரிடம். பிறகு பெரம்பலூர்ச் சீமைக் குன்னத்தில் அந்தப் படிப்புத் தொடர்ந்தது. ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு இந்த ஊர்கள் பழக்கம். யூதர்கள் பழைய ஏட்டை அறையில் போட்டு வைத்தார்கள். நம்மவர்கள் ஆடிப்பெருக்கன்று மரியாதையோடு ஆற்றில் விட்டார்கள். அப்படிப் போன சுவடிகளைப் பற்றி ஐயர் நொந்து எழுதியிருக்கிறார். இரண்டுமே பக்திதான். ஆனால் ஒரு பக்தி நூலைக் காப்பாற்றியது, இன்னொன்று கரைத்தது. இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஐயரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. சீவக சிந்தாமணி சமண நூல். ஐயர் பழுத்த சைவர். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தும் நூல் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய் உட்கார்ந்து, அவர்களுடைய மதக் கொள்கைகளையும் வழக்கங்களையும் மாணவனைப்போலக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் வந்த பதிப்பின் வெற்றியில் அந்தக் கேள்விகளுக்குப் பெரும்பங்கு உண்டு. தேம்பாவணிக்கும் இதே கடமை இருக்கிறது. அதன் தலைவன் தாவீது குலத்து யூதன். அவன் போகிற கோயில் எருசலேம் ஆலயம். அவன் கேட்டு வளர்ந்த கதைகள் மோசேயும் யோசுவாவும் தாவீதும். அந்தக் கதைகள் யூதர்களுக்கு என்னவாக இருந்தன, எபிரேயத்தில் எப்படி ஒலிக்கின்றன என்று தெரியாமல் படித்தால் அணி தெரியும், சந்தம் தெரியும்; ஆள் தெரியமாட்டான்.

முன்னே சொன்ன ‘தோசஃபோத்’துக்கு வருகிறேன். யூதர்களின் பெருநூல் தால்முத். அதன் அச்சுப்பக்கத்தைப் பார்த்தால் நடுவே மூலம். ஒரு பக்கத்தில் ராஷியின் உரை. மறுபக்கத்தில் ராஷியின் பேரர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் எழுதிய கூடுதல் உரை. அதுதான் தோசஃபோத். தாத்தாவின் உரையைப் பேரர்கள் தயக்கமில்லாமல் மறுக்கிறார்கள், அதே பக்கத்தில். 1520களில் வெனிஸ் நகரத்து அச்சாளர் பாம்பெர்க் நிலைப்படுத்திய இந்தப் பக்க அமைப்பே இன்றுவரை வழங்குகிறது. ராஷி, பிரான்சின் த்ருவா நகரத்துக்காரர். 1040 முதல் 1105 வரை வாழ்ந்தார். அவர் கடைசிக் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். நச்சினார்க்கினியர் இளம்பூரணரை மறுப்பதைப் படித்துப் பழகிய தமிழ் மாணவருக்குத் தால்முத் பக்கம் அந்நியமாகவே இராது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எபிரேயம் என்றதும் நம் மேடைகளில் மயில் வந்துவிடும். சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, ‘துக்கீம்’ கொண்டுவந்தன என்கிறது விவிலியம். துக்கி என்பது தோகை, ஆகவே மயில் போனது தமிழகத்திலிருந்து என்பது கால்டுவெல் காலத்திலிருந்து வரும் வாதம். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் கையிம் ராபின், 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டுக் கருத்தரங்கத் தொகுதியில் இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்து ஒரு கட்டுரையே தந்திருக்கிறார். அகில் மரத்துக்கும் எபிரேய ‘அஹாலிம்’ என்பதற்கும் உள்ள ஒற்றுமையும் இந்த விவாதத்தில் வரும். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் மறுபக்கமும் உண்டு. ஆல்பிரைட் போன்ற விவிலிய அறிஞர்கள் அந்தச் சொல் எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைக் குறிப்பது என்றார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் மயிலும் இல்லை குரங்கும் இல்லை. செதுக்கிய கல் என்று இருக்கிறது. இன்றைய எபிரேயத்தில் ‘துக்கி’ என்றால் கிளி! தோகை வாதம் நடக்கக்கூடியது, நிரூபிக்கப்படவில்லை என்பதே நேர்மையான நிலை. மயிலை விட்டாலும் நமக்குக் குறை வந்துவிடாது; செப்பேட்டின் ஈசுப்புவை யாரும் மறுக்க முடியாது.

தமிழகத்தில் எபிரேயம் இன்று பெரும்பாலும் இறையியல் கல்லூரிகளின் பாடம். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் விவிலிய எபிரேயம் சொல்லித் தருகிறார்கள். குருத்துவத்துக்குப் போகிறவர்கள் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயர்களையும் செப்பேடுகளையும் காப்பியங்களையும் ஆராய்கிற தமிழ்த்துறை மாணவர் அந்த வகுப்பின் வாசலுக்குப் போவது அரிது. எருசலேமில் நிலைமை வேறு. 1925இல் திறந்த எபிரேயப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷுல்மன் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தார். அவருடைய ‘தமிழ்: ஒரு வாழ்க்கை வரலாறு’ 2016இல் வந்தது. அவர்கள் நம்மைப் படித்த அளவுக்கு நாம் அவர்களைப் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. தேம்பாவணியில் வரும் ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஒவ்வொன்றையும் எடுத்து, எது ஒலிபெயர்ப்பு, எது பொருள்பெயர்ப்பு என்று பிரித்து, எபிரேய வேரோடு ஓர் அகராதியாகத் தொகுக்கலாம். முனைவர் பட்டத்துக்கு அருமையான பொருள். அரியலூர், பெரம்பலூர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னும் பொருத்தம். நூலின் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. வழிகாட்ட இறையியல் கல்லூரிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள். எபிரேய எழுத்து 22தான். ஒரு வாரம் உட்கார்ந்தால் படிந்துவிடும். 247 எழுத்துப் படித்தவர்கள் நாம். தொடங்குங்கள்.